சண்முகவடிவின் இடது கடைவாய்ப்பல்

சண்முகவடிவுக்கு இனிப்பு பிடிக்காது. தீபாவளிக்கு அக்கம்பக்கத்தார் லட்டு கொடுத்தனுப்பினால், அதை மகள் ஷாலினியின் பக்கம் தள்ளிவிட்டு ஒரு கை காராச்சேவை எடுத்துக்கொள்வாள். தேநீரில்கூடச் சர்க்கரை பெயருக்குத்தான். ஆகையால், மாட்டுங்காவில் ஒரு பல் மருத்துவமனையின் சாய்வு நாற்காலியில் கிடந்தபோது, டாக்டர் கேட்ட முதல் கேள்விக்கு அவள் சற்றும் தயங்காமல் பதில் சொன்னாள்.

“ஸ்வீட் நிறைய சாப்பிடுவேளா?”

“தொடவே மாட்டேன் டாக்டரம்மா. மிட்டாய்னு ஒண்ண முழுசாத் தின்னு இருவது வருசமாவது இருக்கும்.”

டாக்டர் ஷ்ருதிக்கு வயது முப்பதைத் தாண்டியிராது. மூன்று தலைமுறைக்கு முன் பாலக்காட்டிலிருந்து வந்து மாட்டுங்காவில் நிலைத்துவிட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் சிறு கண்ணாடியை மீண்டும் வாய்க்குள் செலுத்தி ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். வலப்பக்கக் கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப்பற்கள் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் சொத்தை முற்றிப் பிடுங்கப்பட்டவை. இடப்பக்கத்தில் கீழே முதல் கடைவாய்ப்பல்லில் கடுகளவு குழி. அதன் அண்டைப் பற்கள் நான்கில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெண்திட்டுகள்.

“இனிப்பே தொடாதவா வாய் மாதிரி இல்லையே இது! என்ன வேலை பண்றேள்?”

“தாராவில கடலை மிட்டாய்க் கம்பெனி. அங்க பாகு பாக்குதேன்.”

“பாகு பாக்கறதுன்னா?”

சண்முகவடிவு எழுந்து உட்கார்ந்துகொண்டாள். தன் தொழிலைப் படுத்தபடி விளக்குவது மரியாதையாக அவளுக்குத் தோன்றவில்லை. வெல்லப்பாகு கொதிக்கும்போது கரண்டியால் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடவேண்டும். இறுகியதும் அதை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிக்கவேண்டும். பல்லோடு ஒட்டினால் பதம் வரவில்லை என்று பொருள். கண்ணாடிபோல் கிளுக்கென்று உடைந்தால் அந்தக் கணமே சட்டியை இறக்கிவிடவேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் மிட்டாய் மறுநாளே இளகிக் கையில் பிசுபிசுக்கும். ஒரு நிமிடம் பிந்தினால் கசக்கும்.

“ஒரு சட்டிக்கு எத்தனை தடவை கடிப்பேள்?”

“மூணு, நாலு.”

“ஒரு நாளைக்கு எத்தனை சட்டி?”

“பன்னெண்டு. சங்கராந்தி சமயத்துல பதினாலும் ஆகும்.”

டாக்டர் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தார். “தினமும் நாப்பது தடவைக்குக் குறையாம வெல்லம்! இதிலே இனிப்பே தொடமாட்டேன்னு வேறே சொல்றேள்.”

“அது வேலையில்லா டாக்டரம்மா? தின்னா முழுங்கணும். நான் துப்பிருவேன்.”

ஷ்ருதி சிரித்துவிட்டார், உடனே மன்னிப்புக் கேட்பதுபோல் அவள் தோளைத் தொட்டார். சண்முகவடிவுக்கோ சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறதென்று விளங்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக அவள் அந்தச் சொட்டை உணவென்று ஒருநாளும் எண்ணியதில்லை. தச்சன் இழைத்த மரத்தைத் தடவிப் பார்க்கிறான். அவன் மரத்தைத் தின்கிறானா?

அந்தப் பத்தொன்பது ஆண்டுகளுக்கும் முந்திய கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கோவில்பட்டிக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவள், இருபத்தோராம் வயதில் செல்வத்துக்கு வாழ்க்கைப்பட்டுத் தாராவிக்கு வந்தாள். செல்வம் முலுண்டில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மின்வேலை பார்ப்பவர். மகள் பிறந்து கொஞ்சம் வளர்ந்ததும், தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்தில் பிரம்மநாயகத்தின் கடலை மிட்டாய்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆர்டர் சீட்டில் அந்த மிட்டாய்க்கு ‘சிக்கி’ என்று உள்ளூர்ப் பெயர். பட்டறைக்குள் கடலை மிட்டாய்தான். முதல் ஆறு ஆண்டுகள் வறுத்த கடலையைத் தேய்த்துத் தோல் புடைக்கும் வேலை. நாள் முழுதும் முறத்தின் முன் குனிந்திருக்கவேண்டும். கண்ணிலும் மூக்கிலும் செந்தோல் பறக்கும்.

பதம் பார்க்கும் வேலையை அப்போது பிரம்மநாயகமே செய்துவந்தார். ஒன்றன்பின் ஒன்றாக அவர் பற்கள் விழுந்தன. ஐம்பது வயதுக்குள் முழுப் பல்செட்டு வைத்துக்கொண்டார். பல்செட்டுக்குப் பதம் தெரியாது என்பதை இரண்டு சட்டி இளகிய பிறகே ஒப்புக்கொண்டார். அன்று பட்டறையில் இருந்த பத்துப் பெண்களையும் வரிசையாக நிறுத்தி ஒவ்வொருத்தியிடமும் ஒரு சொட்டைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார். ஒன்பது பேரும் “நல்லாருக்கு அண்ணாச்சி” என்றார்கள். சண்முகவடிவு மட்டும், “இன்னும் ஒரு நிமிசம் கெடக்கட்டும்” என்றாள். அன்றே முறத்தை வைத்துவிட்டுச் சட்டிக்கு முன் வந்தவள்தான்.

அந்த இடத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. வறுத்த கடலையோடு ஒருத்தி, நெய் தடவிய தட்டோடு ஒருத்தி, உருட்டுக்கட்டையோடு இருவர் என்று எல்லோரும் அவள் முகத்தையே பார்த்து நிற்பார்கள். அவள் கடித்து, தலையை ஒரு முறை ஆட்டியபின்தான் பட்டறையில் எதுவும் அசையும். ஊர்ச் சங்கத்துக்காரர்களின் கல்யாணப் பத்திரிகைகளில்கூட அவள் பெயர் ‘பாகு’ வடிவு என்றே எழுதப்பட்டு வரும். வலப்பக்கப் பற்கள் போனபோது அவள் பெரிதாகக் கவலைப்படவில்லை, இடப்பக்கத்துக்கு மாறிக்கொண்டாள். இப்போது இடப்பக்கமும் கூசத் தொடங்கிவிட்டது. அதுவும் போனால் கடிப்பதற்கு ஜோடிப்பல் இல்லை. மறுபடியும் முறம்தான். அதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

“இந்தப் பல்லைக் காப்பாத்தலாம்,” என்றார் ஷ்ருதி. “குழி இன்னும் நரம்புக்குப் போகலை. அடைச்சுடறேன். ஆனா பக்கத்துலே வெள்ளையா இருக்கே, அதுவும் இன்னும் ரெண்டு வருஷத்திலே இதே மாதிரி குழியாகும். நீங்க துப்பினாலும் வெல்லம் பல்லிலே ஒட்டிண்டுதான் இருக்கும். வாயிலே இருக்கிற கிருமி அதைத் தின்னு ஆசிட் விடும். ஆசிட் பல்லைக் கரைக்கும். அதைக் கழுவறது யாரு தெரியுமா? எச்சில். கழுவி முடிக்க அதுக்கு அரைமணி நேரமாவது வேணும். நீங்க அதுக்குள்ளே அடுத்த சொட்டைக் கொடுத்துடறேள்.”

“அப்போ எச்சிக்கு மூச்சு விடவே நேரமில்லை.”

“அதேதான்! அளவு அவ்வளவு முக்கியம் இல்லை. எத்தனை தடவைங்கறதுதான் முக்கியம். அதனாலே கடிக்கிற தடவையைக் குறைக்கணும். ரெண்டு வேளை பல் தேய்க்கணும். அப்புறம், சர்க்கரை இல்லாத சூயிங் கம் மெல்லணும். பாக்கெட்டிலே சுகர் ஃப்ரீன்னு போட்டிருக்கணும். சைலிட்டால் போட்டதா இருந்தா ரொம்ப நல்லது. அது இனிக்கும், ஆனா கிருமியாலே அதைத் தின்ன முடியாது. மெல்ல மெல்ல எச்சில் ஊறும். அந்த எச்சில் ஆசிட்டையும் கழுவும், வெள்ளைத் திட்டு இருக்கிற இடத்துக்குக் கால்சியத்தையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். இனிப்பு வாயிலே பட்டதும் ஒரு இருபது நிமிஷம் மென்னா போதும்.”

பல்லை அடைத்துக்கொண்டு வீடு திரும்பும் வழியில், பெட்டிக்கடைக்காரர் தாஹிரிடம் சர்க்கரையில்லாத சுயிங்கம் கேட்டாள். அவர் ஜாடிகளைத் துழாவி, பலூன் ஊதுகிற இளஞ்சிவப்பு வகையொன்றை எடுத்து நீட்டினார்.

“இதுல சக்கரை உண்டா, பாயி?”

“சக்கரை இல்லாத பபிள்கம்மா? அப்போ எதுக்கு மௌசி மெல்லணும்? வீட்ல ரப்பர் செருப்பு இல்லையா?”

கடைசியில் ஷாலினிதான், ஐரோலியில் தன் அலுவலகத்துக்குக் கீழேயிருந்த மருந்துக்கடையில், டாக்டர் சொன்னபடியே பார்த்து ஒரு டப்பி வாங்கிவந்தாள்.

பிரம்மநாயகத்தின் பட்டறைச் சுவரில், சட்டிக்கு நேர் எதிரே, தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் உண்டு: ‘வேலை நேரத்தில் வாயில் எதையும் மெல்லக்கூடாது.’ பல ஆண்டுகளுக்கு முன் ஒருவன் மாவாப் புகையிலையைக் குதப்பியபடி மிட்டாய் வெட்டினான். தட்டில் சிவப்பாக ஒரு துளி விழுந்தது. டோம்பிவிலிக் கடைக்காரர் ஒருவர் அதைக் கண்டு சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பினார். அன்று எழுதிய வாசகம் அது. புகையிலைக்குச் சொன்ன விதி தன் மருந்துக்குப் பொருந்தாது என்று சண்முகவடிவு எண்ணிக்கொண்டாள். பிரம்மநாயகம் அப்படி எண்ணவில்லை.

“வடிவு, தாடை ஆடுது. என்ன வாய்ல?”

“பல்லு மருந்து அண்ணாச்சி.”

“மருந்த முழுங்குவாவ. மெல்லுவாவளா?”

அவள் டப்பியை எடுத்து நீட்டினாள். அவர் அதைக் கை நீளும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். “சக்கரையில்லாத மிட்டாய்! மிட்டாய்க் கம்பெனிக்குள்ளேயே கொண்டாந்து தின்னுதியே, வெளிய தெரிஞ்சா நம்ம மானம் என்னத்துக்காவும்?”

“டாக்டரம்மா சொல்லுதாவ, இது மென்னா இருக்கிற பல்லாவது நிக்குமாம்.”

அவர் டப்பியைத் திருப்பிக் கொடுத்தார். “என் பல்லு மொத்தமும் இந்தச் சட்டிக்குத்தான் போச்சு. சட்டி முன்னால ஒக்காந்தவனுக்குப் பல்லு நிக்காதுட்டி. அதுக்கு டாக்டரு என்ன பண்ண முடியும்?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். “சரி, மெல்லு. வாயை மூடி மெல்லு. ஆனா ஒரு சட்டி கெட்டுச்சுன்னாலும் சொவத்துல உள்ளதுதான் சட்டம். பாத்துக்கோ.”

சண்முகவடிவு எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்லள். ஒவ்வொரு சட்டி இறங்கியதும் புதிதாக ஒரு கம் என்று கணக்கு வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு சட்டிக்குப் பன்னிரண்டு. மூன்றாம் நாள் தாடை வலித்தது. நான்காம் நாள் வயிறு கடமுடவென்று உருண்டு, முற்பகலுக்குள் ஐந்து முறை பொதுக்கழிப்பறைக்கு ஓடினாள். ஷாலினி கைபேசியில் டாக்டரை அழைத்துக் கொடுத்தாள்.

“எத்தனை மென்னேள்?” என்று கேட்டார் ஷ்ருதி.

“பன்னெண்டு.”

“அம்மாடி! நாலு, அஞ்சுக்கு மேலே கூடாது. அதிலே போடற இனிப்பு ஜாஸ்தியானா வயிறு தாங்காது. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். என் தப்புதான்.”

நான்கு என்றால் நான்குதான். ஆனால் சட்டி பன்னிரண்டாயிற்றே. அவள் யோசித்து ஒரு வழி கண்டாள். காலையில் போட்ட கம்மைத் துப்பாமல் இடது கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொள்வது. பதம் பார்த்து முடித்ததும் மறுபடி மெல்லுவது. ஒரு கம் மூன்று சட்டிக்கு ஆகும். நான்கு கம்மில் நாள் முடிந்துவிடும். கணக்கு கச்சிதமாகத்தான் இருந்தது.

சங்கராந்திக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அந்தக் கணக்கு பிசகியது.

அன்று காலை மூன்றாவது சட்டி. பாகு நுரைத்துப் பொன்னிறத்துக்கு வந்திருந்தது. சண்முகவடிவு ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துக் கடித்தாள். பல்லோடு ஒட்டியது. பதம் வரவில்லை என்று கையைக் காட்டினாள். சற்றுப் பொறுத்து மறுபடி கடித்தாள். அப்போதும் ஒட்டியது. வெல்லத்தில் ஈரம் அதிகம் போலும் என்று எண்ணித் தீயைச் சிறிது தூண்டினாள். மூன்றாம் முறையும் ஒட்டியது. எதிரே உருட்டுக்கட்டையோடு நின்ற மாலதி, “நிறம் தாண்டுத மாதிரி இருக்கே மயினி” என்றாள். “நிறத்த நம்பாத, பல்ல நம்பு” என்றாள் சண்முகவடிவு. பத்தொன்பது ஆண்டுகளில் அவள் பல் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.

நான்காம் முறை சொட்டு ஒருவழியாக உடைந்து அவள் தலையாட்டியபோது பாகு தேன்நிறத்தைக் கடந்து செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. கடலையைக் கொட்டிக் கிளறித் தட்டில் பரப்பினார்கள். வெட்டிய துண்டின் ஓரத்தை வாயில் போட்ட மாலதியின் முகம் சுருங்கியது. “மயினி, கசக்கு.”

“கசக்கா? எனக்குத் தெரியலயே.”

தெரியாமல்தான் இருந்தது. நாக்கு முழுவதும் புதினாக் குளிர்ச்சி. சண்முகவடிவு விரலை வாய்க்குள் விட்டுத் துழாவினாள். கன்னத்தில் ஒதுக்கிய கம், எப்போதோ நழுவிப்போய்க் கடைவாய்ப்பல்லின் மேல் மெல்லிய தோலாகப் படிந்திருந்தது. அதன்மேல் பாகுச் சில்லுகள் அப்பிக்கிடந்தன. ஒட்டியது பாகு அன்று, கம். முதல் கடியிலேயே பதம் வந்திருக்கிறது.

முப்பது கிலோ மிட்டாய் கறுத்துத் தட்டில் கிடந்தது. பிரம்மநாயகம் வந்து பார்த்தார். அவர் கத்தியிருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஒரு துண்டை எடுத்து உடைத்து, முகர்ந்து, கீழே வைத்தார்.

“ஒண்ணு பல்லைப் பாரு, இல்லைன்னா சட்டியப் பாரு. ரெண்டையும் பாக்க முடியாது வடிவு. திங்கக்கெழம வரும்போது முடிவு பண்ணிட்டு வா. சீசன் நேரம், என்னால இன்னொரு சட்டியக் குப்பையில கொட்ட முடியாது.”

“அண்ணாச்சி, தப்பு என் மேல. மருந்து மேல இல்ல.”

“யார் மேலயா இருந்தாலும் கொட்டுனது கொட்டுனதுதான்.”

அது சனிக்கிழமை. மாலையில் வீட்டுக்கு வந்தவள் டப்பியை எடுத்துக் குப்பைக்கூடைக்கு மேல் பிடித்துக்கொண்டு சிறிதுநேரம் நின்றாள். பிறகு அலமாரியில் வைத்துவிட்டாள். எறிந்துவிட்டால் சட்டி நிலைக்கும். ஆனால் இரண்டே ஆண்டில் பல் போகும், பல்லோடு சட்டியும் போகும். எறியாவிட்டால் திங்களன்றே சட்டி போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முறம் காத்திருந்தது.

ஞாயிறு காலை, செல்வமும் ஷாலினியும் வீட்டிலிருக்கும்போது, சண்முகவடிவு அடுப்பில் சிறிய வாணலியை ஏற்றி அரைக்கிலோ வெல்லம் போட்டாள். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கிண்ணம், கவிழ்த்துப் போட்ட எவர்சில்வர் தட்டு ஒன்று.

“ஷாலினி, ஒன் ஃபோன்ல நேரம் பாத்து எழுதுட்டி. அரை அரை நிமிசத்துக்கு ஒரு சொட்டு எடுப்பேன்.”

“அம்மா, சண்டே லீவும்மா! லேப் எக்ஸாம் மாதிரி பண்றியே.”

“எழுதுன்னா எழுது.”

சொட்டு எடுப்பாள், தண்ணீரில் விடுவாள், இறுகியதை விரலால் உருட்டிப் பார்ப்பாள், தட்டின்மேல் எறிவாள், கடைசியில் கடிப்பாள். ஒவ்வொரு கடிக்கும் என்ன தெரிந்தது என்பதைச் சொல்லச் சொல்ல ஷாலினி குறித்துக்கொண்டாள். முதல் நான்கு சொட்டுகள் விரலிலேயே நசுங்கின. அவற்றைக் கடித்துப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. ஐந்தும் ஆறும் தட்டில் தொப்பென்று விழுந்தன. ஏழாவது டக்கென்றது. எட்டாவது கிண்ணென்று துள்ளி விழுந்தது. அதைக் கடித்தபோது கண்ணாடியாக உடைந்தது.

இரண்டாம் முறை அரைக்கிலோ போட்டாள். இம்முறை எட்டாவது சொட்டைக் கடிக்கவில்லை. காதோரம் பிடித்துக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒடித்தாள். கிளுக்.

சண்முகவடிவு அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை ஆண்டுகளாகப் பல்லுக்குத் தெரிந்ததாக எண்ணியிருந்தது இந்த ஓசைதான். தாடை எலும்பு வழியாகக் காதுக்குப் போயிருக்கிறது. பல்லைத் தூதனுப்பாமலே காது அதைக் கேட்டுக்கொள்ளும். சட்டியை ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே கடிக்கத் தொடங்குவது பிரம்மநாயகத்தின் பழக்கம். அவரைப் பார்த்து வந்ததால் அவளுக்கும் அதுவே பழக்கம். நாற்பது கடியில் முப்பது வீண்கடி.

“என்னம்மா ஆச்சு? ஏன் அழுறே?” என்றாள் ஷாலினி.

“அழல. புகைட்டி” என்றாள் சண்முகவடிவு. கேஸ் அடுப்பில் புகை ஏது என்று செல்வம் கேட்க வாயெடுத்தார். மகள் கண்ணைக் காட்டவே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

திங்கட்கிழமை அவள் நேரே பிரம்மநாயகத்தின் முன் போய் நின்றாள். “ஒரே ஒரு சட்டி குடுங்க அண்ணாச்சி. வாய்ல வைக்காமப் பதம் சொல்லுதேன். தப்பாச்சுன்னா நானே போய் முறத்த எடுத்துக்கிடுதேன்.”

“வாய்ல வைக்காமயா? சோசியமா பாக்கப்போற?”

“நீங்களும் கூட நில்லுங்க.”

பட்டறை முழுவதும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. பாகு நுரைத்து அடங்கியது. சண்முகவடிவு முதல் சொட்டை விரலில் நசுக்கித் தள்ளினாள். இரண்டாவதை எறிந்தாள், தொப். மூன்றாவது டக். நான்காவதை எறியாமல் காதோரம் வைத்து ஒடித்தாள். “இறக்குங்க” என்றாள். சத்தம் அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

தட்டில் ஆறியதும் பிரம்மநாயகம் ஒரு துண்டை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோனவர், பாதியில் நினைவு வந்தவராய்க் கையைத் தாழ்த்தினார். பல்செட்டை வைத்துக்கொண்டு என்ன சொல்லமுடியும்? பிறகு, அவள் செய்ததைப் போலவே அதைக் காதருகே பிடித்து ஒடித்தார். ஒருமுறை, இன்னொரு துண்டை எடுத்து மறுமுறை. மூன்றாவதாகவும் ஒன்றை ஒடித்தார். அவர் முகத்தில் தோன்றிய மாறுதலை மாலதி பிறகு பலநாள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்: பதினெட்டு, இருபது வருடங்களுக்குப் பிறகு அண்ணாச்சி பதம் பார்த்தாராம்.

“இது எனக்குத் தெரியாமப் போச்சேட்டி” என்றார் அவர், மெதுவாக. கையில் ஒட்டியிருந்த தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டு கல்லாப்பக்கம் போய்விட்டார். போகிற போக்கில், “வாய்ல வச்சுக்கிட்டு மட்டும் சட்டிகிட்ட வராத” என்று ஒரு குரல் கொடுத்தார்.

அதற்கும் அவள் ஓர் ஒழுங்கு வைத்திருந்தாள். அன்றைக்கு முதல் சட்டிக்கு மட்டும் ஒரே ஒரு கடி. வந்திருக்கும் வெல்லம் எப்படிப்பட்டது என்பதை நாக்கு அறிந்துகொள்ளவேண்டுமல்லவா? உப்புக் கரிக்கும் வெல்லமும் சிலநாள் வந்துவிடும். அந்தக் கடிக்குப் பிறகு ஒரு கம், பத்துமணித் தேநீருக்குப் பின் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, மாலைத் தேநீருக்குப் பின் ஒன்று. எல்லாமே சட்டி இறங்கித் தட்டுக்குப் போனபிறகுதான். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம். பிறகு காகிதத்தில் சுற்றிக் கூடையில் போட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த சட்டிக்கு வருவாள். காலையும் இரவும் பல் தேய்ப்பதில் குறை வைக்கவில்லை. கம் மெல்லுகிறோமே என்று பிரஷ்ஷை விட்டுவிடக்கூடாது, அதற்கு இது ஈடாகாது என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

ஜூலை மாதம், கிங்ஸ் சர்க்கிளில் முழங்காலளவு தண்ணீர் நின்ற ஒருநாள், புடவையைத் தூக்கிப் பிடித்தபடி மறுபடி மாட்டுங்காவுக்குப் போனாள். ஷ்ருதி பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

“அடைச்ச பல் நன்னா இருக்கு. வெள்ளைத் திட்டு நாலுலே ஒண்ணுகூடக் குழியாகலை. ரெண்டு நன்னா இறுகிப் பளபளன்னு ஆயிருக்கு, பாருங்கோ.”

“எல்லாம் அந்த சுயிங்கம்தானா டாக்டரம்மா?”

“அது பாதின்னு வெச்சுக்கோங்கோ. நாப்பது கடியை ஒண்ணாக் குறைச்சேளே, அது மீதி. அதை நான் எந்த டப்பியிலே போட்டும் கொடுக்க முடியாது.” ஷ்ருதி கையுறையைக் கழற்றினார். “வலது பக்கத்துக்கும் பல் கட்டிடலாமே?”

“கட்டுன பல்லுக்குப் பதம் தெரியாது” என்றாள் சண்முகவடிவு, பிறகு சற்று யோசித்து, “ஆனா முறுக்கு திங்கலாம், இல்லையா?” என்று கேட்டாள்.

மறுநாள் காலை அவள் பட்டறைக்கு வந்தபோது பிரம்மநாயகம் சட்டியருகே நின்றிருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, கண்ணால் கேட்டார். அவள் இடது கன்னத்தை விரலால் தட்டி, தலையை ஒருமுறை ஆட்டினாள். பதம் வந்ததற்கு ஆட்டுகிற அதே ஆட்டல்தான். அவர் திரும்பிப் போகையில், சுவரிலிருந்த வாசகத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கட்டியால் புதிதாக ஒரு வரி எழுதியிருப்பதை அவள் கண்டாள். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவரின் கோணல் எழுத்து: ‘வடிவு மட்டும், சட்டி இறங்கினபிறகு.’

முதல் சட்டி கொதித்தது. விரலில் நசுங்கும் சொட்டு, தொப்பென்னும் சொட்டு, டக்கென்னும் சொட்டு எல்லாம் கடந்தன. அடுத்த சொட்டைக் கிண்ணத்திலிருந்து எடுத்தாள். மாலதி தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குரிய அந்த ஒரே கடியை, சண்முகவடிவு அவசரமில்லாமல், இடது கடைவாய்ப்பல்லில் வைத்துக் கடித்தாள். கிளுக்கென்று உடைந்தது.

“இறக்குங்க” என்றாள்.